மண் இல்லாத மண்: பெரியப்பாவின் அம்பாசடரும் ஒரு துண்டு கிளே பாரும்

"ஏல, நீ ஏதோ மண்ணு வச்சி காரைத் தேய்க்கியாம்லா? அப்பா வண்டிக்கும் அத ஒருக்கா போட்டு உடேன். சீசனுக்கு வருவல்லா?"

போன ஜூனில் தென்காசியிலிருந்து அண்ணன் போனில் கேட்டது இது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். 'அப்பா வண்டி' என்று அவர் சொன்னது, பெரியப்பா 1982-இல் வாங்கிய அம்பாசடரை. பெரியப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. வண்டி இன்னும் ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் இருக்கிற வீட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கிறது. மாசம் ஒரு தடவை இலஞ்சி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சரி, வாரேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. என் வண்டிக்குப் போட்டதை அந்த வண்டிக்குப் போடலாமா? அதைத் தெரிந்துகொள்ளத் தேட ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. போன இடமெல்லாம் கொஞ்சம் தூரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிளே பார் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. சோப்புக் கட்டி சைஸில், பிசைந்தால் நெகிழ்கிற ஒரு உருண்டை. பெயர்தான் களிமண். அதில் நம்மூர்க் குளத்துக் களிமண் ஒரு துளியும் கிடையாது. பாலிபியூட்டீன் மாதிரியான பெட்ரோலிய வகை ரெசினும், மிக நுண்ணிய பொடியும் சேர்ந்த செயற்கைப் பிசைவு. காரைக் கழுவி முடித்ததும் சோப்புத் தண்ணி தெளித்து, இந்த உருண்டையைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டவேண்டும். முதல் ரெண்டு ஓட்டத்தில் 'கரகர'ன்னு கையில் தெரியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்று கண்ணாடி மேல் ஓடுவது மாதிரி வழுக்கும். உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு அழுக்கு. மடித்துப் பிசைந்து புது முகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். ரெண்டடிக்கு ரெண்டடியாகத்தான் செய்யவேண்டும், முழு பானட்டையும் ஒரே மூச்சில் தேய்க்கிற வேலை இல்லை.

நன்றாகக் கழுவிய காரில் அப்புறம் என்ன அழுக்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவின பானட் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்தது, பைக்குள்ளிருந்து ரவை கொட்டின மாதிரி தெரியும். மரத்துப் பிசின், தார்ப் புள்ளி, பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட் தூசி எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் விட மோசம் இரும்புத் தூள். பிரேக் பிடிக்கும்போது சூட்டோடு பறக்கிற இரும்புத் துகள் பெயின்ட் மேல் விழுந்து பதிந்துகொள்ளும். அப்புறம் மழைத் தண்ணி பட்டு அங்கேயே துருப்பிடிக்கும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். அமெரிக்காவில் இதற்கு ரயில் தூசி என்றே பெயர். புதுக் கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பும்போது தண்டவாளமும் சக்கரமும் பிரேக் கட்டையும் உரசிப் பறந்த இரும்பு, கார் ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே அதில் உட்கார்ந்துவிடும்.

இந்த ரயில் தூசியைப் படித்தபோது தென்காசி வீடுதான் ஞாபகம் வந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலையைக் குடைந்து 1904-இல் ரயில் விட்டார்கள். மீட்டர் கேஜ் காலம் முழுக்க, அந்த மலைப்பாதையில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கிய வண்டிகளின் வார்ப்பிரும்புக் கட்டைகள் எவ்வளவு கரைந்திருக்கும்! 2010-இல் அந்தப் பாதையை மூடி, அகலப்பாதையாக்கி 2018-இல் திறந்தார்கள். நடுவில் எட்டு வருஷம் ரயில் தூசி குறைந்திருக்கலாம், ஆனால் சாலைத் தூசி கூடிவிட்டது. மதுரையிலிருந்து நான் வருகிற வழி திருமங்கலம், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர். அதே சாலை புளியரை தாண்டிக் கொல்லத்துக்குப் போகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லாரிக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் ஊர்ந்து பாருங்கள். அதற்கு மேல் குற்றாலத்துச் சாரல். மழை என்றால் கழுவிவிட்டுப் போகும். சாரல் கழுவாது, தூசியைக் குழைத்து ஒட்டிவிட்டுப் போகும்.

சரி, இந்தப் பிசைவை யார் கண்டுபிடித்தது? ஜப்பானியர். தடாவோ கொடாட்டே என்பவர் பெயரில் 1995 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று இருக்கிறது. அதில் 'களிமண்' என்ற பேச்சே தலைப்பில் இல்லை, 'நெகிழும் பிளாஸ்டிக் கருவி' என்றுதான் இருக்கிறது. பெயின்ட் பட்டறைகளில் ஒரு காருக்கு அடிக்கும்போது பக்கத்துக் காரில் படிகிற பெயின்ட் தூசி, ரயில் இரும்பு, இதையெல்லாம் அடிப் பெயின்ட்டுக்குச் சேதம் இல்லாமல் எடுப்பதுதான் நோக்கம். மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் பிடித்து இழுக்கும், சமதளத்தை விட்டுவிடும். சொல்லப்போனால் இதுதான் இதன் முழு தத்துவமும்.

ஆனால் பிசைந்த உருண்டையால் அழுக்கு எடுப்பது அதைவிட ரொம்பப் பழசு. அழிரப்பர் வருவதற்கு முன் ஐரோப்பாவில் பென்சில் கோட்டை அழிக்க ரொட்டியின் உள்பகுதியைத்தான் பிசைந்து பயன்படுத்தினார்கள். 1770 வாக்கில் லண்டனில் எட்வர்ட் நேர்ன் என்கிற கருவி செய்பவர் ரப்பர் துண்டை அதற்கு விற்க ஆரம்பித்தார். ரொட்டிக்குப் பதிலாகக் கைதவறி ரப்பரை எடுத்துவிட்டார் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் கதை. 1930-களில் அங்கே வீடுகளை நிலக்கரி எரித்துச் சூடாக்குவார்கள். கரி சுவர்க் காகிதத்தில் படியும். காகிதம் என்பதால் தண்ணி விட்டுக் கழுவ முடியாது. குட்டோல் என்ற சோப்புக் கம்பெனி அதற்கென்று மாவும் தண்ணியும் உப்பும் சேர்ந்த ஒரு பிசைவைச் செய்து விற்றது. நோவா மெக்விக்கர் செய்தது. சுவரில் உருட்டினால் கரியை எடுத்துக்கொள்ளும். போர் முடிந்தது, எரிவாயு அடுப்பு வந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாள் வந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சமயம் குடும்பத்து உறவுக்காரப் பெண் ஒருவர், நர்சரிப் பள்ளி ஆசிரியை, இதைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956-இல் அதற்கு 'ப்ளே-டோ' என்று பெயர் வைத்து விளையாட்டுச் சாமானாக விற்றார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் தரையில் தேய்த்து வைக்கிற அந்த வண்ண மாவு, பிறப்பால் ஒரு ஒட்டடைத் துணி. கொடாட்டேயின் கருவிக்கு இது நேரடித் தாத்தா என்று நான் சொல்ல வரவில்லை. குணம் ஒன்றுதான்: தண்ணியும் துணியும் தோற்கிற இடத்தில், ஒட்டிக்கொண்டு கூட இழுத்து வருவது.

இதுவரைக்கும் படித்ததில் அண்ணன் வண்டிக்குப் போடலாம் என்றுதான் தோன்றியது. பெயின்ட்டுக்குச் சேதமில்லாமல் எடுக்கிறதே, அப்புறம் என்ன? ஆனால் எந்தப் பெயின்ட்டுக்கு? இங்கேதான் பெரியப்பாவுக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். காலையில் இட்லி முடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். ரெண்டு வாளித் தண்ணி. கழுவித் துடைத்து, வண்டி நிழலில் ஆறினதும், வட்ட டப்பாவிலிருந்து கட்டிங் பாலிஷை எடுப்பார். ரோஸும் காவியும் கலந்த நிறம், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. கிலோக் கணக்கில் வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டில் ஒரு துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். வண்டி கருநீலம். ரெண்டு நிமிஷத்தில் துணி நீலமாகிவிடும். எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்: "பாருல, எம்புட்டு அழுக்கு வருதுன்னு." நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அழுக்கு ஏன் நீலமாக இருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது அழுக்கு இல்லை, வண்டியின் பெயின்ட். முப்பது வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் அந்தக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் எடுத்து எறிந்திருக்கிறார்.

இதைக் கண்டுபிடித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த வண்டி மேல் அவர் வைத்த பிரியம் ஊரறிந்தது. ஆனால் மேற்கொண்டு படித்ததில், பெரியப்பா அவ்வளவு தப்புச் செய்யவில்லை என்று எனக்குப் படுகிறது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தக் காலத்துப் பெயின்ட்டர்கள். அவர்கள் சொன்னது அந்தக் காலத்துப் பெயின்ட்டுக்குச் சரி.

அந்தப் பெயின்ட்டின் பெயர் டூக்கோ. இன்றைக்கும் தச்சாசாரிகள் கதவுக்கு 'டூக்கோ ஃபினிஷ்' என்பார்கள். அது ஒரு கம்பெனிப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. 1920-களுக்கு முன் கார்களுக்கு வார்னிஷ்தான். தூரிகையால் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததற்கு, வேகமாகக் காய்கிற கறுப்பு எனாமல் ஒரு காரணம் என்று சொல்வார்கள். வெடிமருந்து செய்துகொண்டிருந்த டூபான்ட் கம்பெனி, வெடிபஞ்சின் உறவான நைட்ரோசெல்லுலோஸை வைத்து 1923-இல் டூக்கோ என்ற லாக்கரைக் கொண்டுவந்தது. துப்பாக்கி மாதிரி ஸ்ப்ரே கன்னில் அடிக்கலாம், சில மணி நேரத்தில் காயும், எந்த நிறமும் வரும். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில்தான் முதலில் அடித்தார்கள், 1924 மாடலில். அந்த முதல் நிறமும் நீலம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்கர் என்ற சொல்லே நம் பக்கத்துச் சொல். லாக்ஷா, லாக் என்று இந்திய மொழிகளில் அரக்குக்கு இருக்கிற பெயர் போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பா போய் லாக்கர் ஆனது. தென்காசியிலிருந்து கடையம் வழியாக ஒரு மணி நேரம் போனால் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பிடித்த மரச் சொப்புச் சாமானைப் பார்த்திருப்பீர்கள். கடைசல் சுற்றும்போது வண்ண அரக்குக் குச்சியை மரத்தில் அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பூச்சும் பளபளப்பும் ஒரே வேலையில் முடிந்துவிடும். டூக்கோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்ப்ரே அடித்துக் காய்ந்ததும் மங்கலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். தேய்த்தால்தான் பளபளப்பு.

அந்தத் தேய்ப்பை நான் சின்ன வயசில் நேரில் பார்த்திருக்கிறேன். 1994-இல் அம்பாசடருக்கு முழுசா மறு பெயின்ட் அடித்தார்கள், பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிங்கரிங் பட்டறையில். லீவு நாளென்றால் நான் அங்கேதான் கிடப்பேன். என் வயசுப் பையன்கள் ரெண்டு பேர் வேலை செய்தார்கள். பட்டி பூசின இடத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணியில் நனைத்து நனைத்துத் தேய்ப்பது அவர்கள் வேலை. முதலில் முரட்டு நம்பர், அப்புறம் 400, 600, கடைசியில் 1000. ஒரு கோட் அடித்தால் ஒரு நாள் தேய்ப்பு. சாயங்காலம் பார்த்தால் விரல் நுனி ஊறி வெளுத்து, ரேகை தெரியாமல் மழுங்கியிருக்கும். அதில் ஒருவன் என்னிடம் கையைக் காட்டி, "இத வச்சி ரேஷன் கார்டுக்கு ரேகை வைக்க முடியாதுடே" என்று சிரித்தான். தின்னர் நெடியில் எனக்குத் தலை சுற்றும், அவர்கள் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியதில்லை. கடைசியில் மேஸ்திரி கட்டிங் பாலிஷ் போட்டுத் தேய்க்க, மங்கலாக இருந்த நீலத்தில் சட்டென்று என் முகம் தெரிந்தது. அன்றைக்கு மேஸ்திரி பெரியப்பாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது: "அண்ணாச்சி, பளபளப்பு போச்சின்னா ஒரு தேய் தேய்ச்சிருங்க, புதுசா வந்துரும்."

அது உண்மை. டூக்கோ வெயிலில் மேலே வெளுத்துப் பொடியாகும். மேல் பொடியைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் வரும், ஏனென்றால் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தானே? களிம்பு போய்ப் புதுப் பித்தளை தெரியும். பித்தளைக்கு அடியில் பித்தளை இருக்கிறது, தலைமுறைக்கும் தேய்க்கலாம். பெயின்ட் அப்படி இல்லை. மேஸ்திரி சொன்னது வருஷத்துக்கு ஒரு தேய்ப்பாக இருந்திருக்கும். பெரியப்பா அதை வாராவாரம் என்று எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளுக்கு அப்புறம் நம் ரோட்டில் வந்த பெரும்பாலான கார்களில் கதையே வேறு. நிறம் அடியில், அதன் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். அந்தக் கிளியர் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிசு. பளபளப்பு அதிலேயே இருக்கிறது, தேய்த்து வரவழைக்க வேண்டியதில்லை. தேய்த்தால் குறையத்தான் செய்யும். அதனால்தான் எதையும் அரைக்காமல், துருத்தியதை மட்டும் எடுக்கிற ஒரு சாமான் தேவைப்பட்டது. கிளே பார் அந்தக் கிளியர் கோட் காலத்துப் பிள்ளை. அதற்கும் லேசாக அரைக்கிற குணம் உண்டு, அழுத்தித் தேய்த்தால் மெல்லிய கீறல் விழும். கீழே விழுந்த துண்டை எடுத்துத் திரும்பத் தேய்த்தால் மண்தாளில் தேய்த்த மாதிரிதான். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். என் வெள்ளைக் காரின் இடது கதவில் வில் மாதிரி ஒரு கோடு இன்னும் இருக்கிறது. விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தென்காசி போனேன். அன்றைக்கே வண்டியைத் தொடவில்லை. நல்ல சாரல். அண்ணன் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போய்க் குளித்தோம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. மனுசனுக்கு இருக்கிற இந்தக் கட்டுப்பாடு வண்டிக்கு இல்லையோ என்னவோ, சிற்றாற்றில் வேனை இறக்கி நுரை வர நுரை வரக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாட்டர் சர்வீஸுக்குப் போனால் என்ன!

திரும்பும்போது குற்றாலத்தில் சித்திர சபைக்குப் போனோம். கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டி இருக்கிறது. நடராசருக்கு ஐந்து சபைகள் என்பார்கள், சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலம் சித்திரம். இங்கே ஆடுகிறவர் செப்புச் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். ஆனால் ரெண்டு வாரமாக அழுக்கு, பெயின்ட் என்றே படித்துக்கொண்டிருந்ததால் வேறு மாதிரி பார்த்தேன். சிலைக்கு எண்ணெய்க் காப்பும் தண்ணியும் பாலும் ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். ஓவியத்துக்கு என்ன செய்வது? விளக்குப் புகை ஏறும், ஈரம் ஏறும். எது புகை, எது ஓவியன் வைத்த நிழல் என்று யார் சொல்வது?

இது வெறும் கேள்வி இல்லை. ரோமில் மிக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் ஆலயத்துக் கூரையில் மெழுகுவர்த்திப் புகை ஏறிக் கறுத்தபோது, 1625-இல் சிமோனே லாகி என்பவர் துணியால் துடைத்து, ரொட்டியால் தேய்த்துச் சுத்தம் செய்தார். ஆமாம், ரொட்டிதான், அதே பிசைவு வேலை. முன்னூற்றைம்பது வருஷம் கழித்து 1980-இல் பெரிய அளவில் தொடங்கி 1994-இல் முடிந்த சுத்திகரிப்பில் ரசாயனக் கரைசல் போட்டு எடுத்தார்கள். மங்கலாக இருந்த கூரை பளிச்சென்று பச்சையும் ஆரஞ்சுமாக மாறியது. உலகமே கொண்டாடியது. ஜேம்ஸ் பெக் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியரும் வேறு சிலரும் மட்டும் விடாமல் சண்டை போட்டார்கள்: நீங்கள் எடுத்தது வெறும் புகையும் பழைய பசையும் இல்லை, சுவர் காய்ந்த பிறகு மிக்கேலாஞ்சலோ மேலே தீட்டிய நிழல்களும் சேர்ந்து போய்விட்டன என்று. சுத்தம் செய்தவர்கள் இல்லை என்றார்கள். இன்றைக்கும் அது தீராத வழக்கு. துணியில் வந்ததைத் திரும்ப ஒட்டிப் பார்க்கவா முடியும்?

பெரியப்பாவின் துணி ஞாபகம் வந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி முடிந்ததும், கொட்டகைக்குப் போனோம். அதே நேரம்தான், வேண்டுமென்று பார்த்துச் செய்யவில்லை. மதுரையில் ஒரு நண்பனிடமிருந்து பெயின்ட் கனம் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். இரும்புத் தகட்டில் வைத்து அழுத்தினால் மேலே எத்தனை மைக்ரான் பூச்சு என்று காட்டும். கதவைத் திறந்து, பெரியப்பாவின் துணி போகாத உள்பக்கம் வைத்தோம்: 130. பானட் நடுவில்: 70. பானட் ஓரம் மடிகிற இடத்தில், கை தானாக அழுத்தித் திரும்புகிற வளைவில்: 35. அந்த இடத்தில் நீலத்துக்குள்ளிருந்து பிரைமரின் காவி லேசாக எட்டிப் பார்க்கிறது. வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். டிரைவர் பக்கத்து மட்கார்டில் அதைவிடக் குறைவு. அந்தப் பக்கம்தான் பெரியப்பா முதலில் ஆரம்பிப்பார், தெம்பு இருக்கும்போது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இவ்வளவு தூரம் வந்துட்ட. ஓரமா ஒரு இடத்துல போட்டுத்தான் பாரேன்" என்றார்.

டிக்கி மூடிக்குக் கீழ் ஓரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சோப்புத் தண்ணி தெளித்து, புதுத் துண்டு ஒன்றைக் கிள்ளி, அழுத்தமே இல்லாமல் நாலு ஓட்டம் ஓட்டினேன். கரகரப்பு நின்றது. வழவழப்பாகத்தான் ஆனது. துண்டைத் திருப்பினேன். வெள்ளைத் துண்டில் ரெண்டு மூணு பழுப்புப் புள்ளி, ரயில் இரும்பாக இருக்கும். மிச்சமெல்லாம் நீலம்.

"அழுக்கு வருதுல்லா?" என்றார் அண்ணன்.

"அழுக்கு இல்லண்ணே. பெயின்ட்டு."

அவர் துண்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளுத்த டூக்கோவில் மேலே பொடியாக நிற்கிற நிறம் எதைத் தொட்டாலும் ஒட்டத்தான் செய்யும், நாலு ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது, மீட்டரில் வித்தியாசமே காட்டவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. "உள்ள வச்சிரு. வேண்டாம்" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டோம். தண்ணி விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அரைக்கிற பொடி எதுவும் சேராத வெறும் மெழுகு ஒரு கோட் போட்டோம். பளபளப்பு சுமார்தான், முகம் தெரியவில்லை. பட்டறைக்குக் கொடுத்து மறுபடி அடித்துவிடலாமா என்று மதினி கேட்டார்கள். அண்ணன் பதில் சொல்லவில்லை. கொட்டகைக்குத் தெருப்பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டவேண்டும், ரயில் பக்கத்துத் தூசி அந்த வழியாகத்தான் வருகிறது என்றார். அன்று மத்தியானமே கயிறும் தார்ப்பாயும் வாங்கி வந்து கட்டினோம்.

நீலம் ஒட்டிய அந்தத் துண்டு திண்ணையில் கிடந்தது. அண்ணன் பேத்தி அதை எடுத்து உருட்டி, துதிக்கை வைத்துப் பிள்ளையார் பிடித்துவிட்டாள். கெமிக்கல், கையைக் கழுவு என்று நான் சத்தம் போட, அவள் பிள்ளையாரைக் கார் டேஷ்போர்டில் கொண்டுபோய் ஒட்டிவிட்டு ஓடிவிட்டாள். எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். போன வாரம் போனில் கேட்டேன். அங்கேதான் இருக்கிறதாம்.